கூரைபிரிச்சார் எடுத்த படங்கள்

செத்தவர்களை உட்காரவைத்தும் உயிரோடிருப்பவர்களைப் படுக்கவைத்தும் படம் பிடித்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அந்த ஒருவர் எனக்குப் பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்தது என் ஜாதக விசேஷம். சனி ஏழரை வருஷம் பிடிக்கும் என்பார்கள். இவர் பிடித்தது மூன்றே வருஷம்தான். ஆனால் சனி பகவான் நம் வீட்டுக் கூரைமேல் ஏறிக் குந்திக்கொள்வதில்லை.

ஐம்பதுகளின் கடைசி. விழுப்புரம் ஜங்ஷன் கூட்ஸ் ஷெட்டில் நான் கிளார்க். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு தெருவில் நாட்டு ஓடு வேய்ந்த நீளமான வீடு. மல்லாட்டை என்று எங்கள் பக்கத்தில் சொல்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த ஒருவருக்குச் சொந்தம். அவர் நடுவில் ஒரு சுவரை எழுப்பி அதை இரண்டு போர்ஷனாக்கி வாடகைக்கு விட்டிருந்தார். செங்கல் போதவில்லையோ மனசு போதவில்லையோ, ஆள் உயரத்துக்குமேல் சுவர் போகவில்லை. கூரை இரண்டு வீட்டுக்கும் பொது. அந்தப் பக்கத்தில் யாராவது தும்மினால் இந்தப் பக்கத்தில் என் மனைவி தனம் "நூறு" என்று வாழ்த்துவாள்.

பக்கத்துப் போர்ஷன்காரருக்குப் பெற்றவர்கள் ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். தெருவுக்கு அவர் கூரைபிரிச்சார். பெயர் வரக் காரணமே நான்தான்.

அவர் குடிவந்த மூன்றாம் நாள். பகல் சாப்பாட்டுக்கு வந்து சைக்கிளை நிறுத்திவிட்டு நிமிர்ந்தால், பட்டப்பகலில் கூரைமேல் ஓர் ஆள் ஓடுகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து அடுக்கிக்கொண்டிருக்கிறான். ஒல்லி உடம்பு, முழங்காலுக்குமேல் மடித்துக் கட்டின வேட்டி, தலையில் கறுப்புத் துணி. இதைவிட ஒரு திருடனுக்கு என்ன லட்சணம் வேண்டும்? "திருடன்! திருடன்!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே திரண்டுவிட்டது. எதிர்வீட்டுக்காரர் உலக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மேலே இருந்த ஆள் பதறவே இல்லை. எட்டிப் பார்த்துச் சொன்னார்: "சார், திருடன் உள்ள எறங்கறதுக்குப் பிரிப்பான். நான் உள்ள பாக்கறதுக்குப் பிரிக்கிறேன். ரெண்டும் ஒண்ணா? கூச்சல் போடாதீங்க, கீழ கொழந்த சிரிச்சிக்கினு இருக்குது."

போலீஸ்காரர் ஒருவர் வந்தார். "இன்னாய்யா தொழிலு?"

"போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கேங்க."

"ஸ்டுடியோவுக்கு வாசல் இல்லியா?"

"மனுசங்களுக்கு வாசல் இருக்குதுங்க. கேமராவுக்கு மேலதான் வாசல்."

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். "பேஜாரு புடிச்ச தெருவுய்யா இது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்று சொல்வார்கள். எங்கள் கூரையைப் பிய்த்தது எதையும் கொடுக்கிற முகமாக எனக்குத் தெரியவில்லை. அன்று சாப்பாட்டில் ஓட்டுத்தூள் விழுந்ததுதான் கண்ட பலன்.

விஷயம் இதுதான். அவரிடம் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து கிழித்த இரண்டு பக்கங்கள் இருந்தன. பாண்டிச்சேரியில் யாரோ கொடுத்ததாம். மடித்து மடித்து மடிப்பில் ஓட்டை விழுந்த அந்தக் காகிதத்தை, சாமி படத்தைக் காட்டுகிற மாதிரி என்னிடம் விரித்துக் காட்டினார்.

"கடல் தாண்டி ஒரு தேசத்துல புள்ளைங்களுக்குன்னே ஒரு ஊரு கட்டி வச்சிருக்கான் சார். கோட்டை இருக்குது, கப்பலு இருக்குது, குட்டி ரயிலு இருக்குது. கதையில வர்றதெல்லாம் நெசமா நிக்குது. ஒரு புள்ள கேட்டுக்குள்ள காலு வச்சா கதைக்குள்ள காலு வச்ச மாதிரி."

"அதுக்கு இன்னா இப்ப?"

"நம்ம ஊரு புள்ளைங்க இன்னா பாவம் பண்ணுச்சி? என்கிட்ட அவ்ளோ எடம் இல்ல. பன்னெண்டுக்குப் பன்னெண்டு தரை இருக்குது. அதுல கட்டறேன்."

கட்டினார். மற்ற ஸ்டுடியோக்களில் திரையைச் சுவரில் தொங்கவிட்டு, அதன் முன்னால் பிள்ளையை விறைப்பாக நிற்கவைப்பார்கள். இவர் திரையைத் தரையில் விரித்தார். நீலத் துணி வானம், இலவம்பஞ்சு மேகம், கோலமாவு நட்சத்திரம், உமி கடற்கரை, பனைமட்டை முதலை. அதன்மேல் பிள்ளையைப் படுக்கவைத்து, உத்தரத்துக்குக் குறுக்கே போட்ட பலகையில் கேமராவைத் தலைகுப்புறக் கட்டி, கூரையைப் பிரித்த இடத்தில் குந்தியபடி மேலேயிருந்து எடுப்பார். பதினொன்றரை மணி வெயில் அந்தப் பொத்தல் வழியாக நேரே இறங்கும். படத்தைக் கழுவிப் பார்த்தால் பிள்ளை பறக்கும், நீந்தும், முதலை முதுகில் சவாரி போகும், இரண்டு கொக்கு தூக்கிக்கொண்டு போகிற குச்சியில் ஆமைக்குப் பக்கத்தில் தொங்கும்.

"பூமி எப்பப் பாத்தாலும் நம்மளக் கீழ இழுக்குது சார். படுத்துக்கினா அதுக்கு எந்தப் பக்கம் இழுக்கறதுன்னு தெரியாமப் போயிடுது" என்பார். இதற்கு நான் என்ன பதில் சொல்வது? நான் மூட்டை எண்ணுகிறவன்.

தொல்லைகள் சொல்லி மாளாது. கோந்துக்கு மாவுக்கஞ்சி காய்ச்சினதால் முதலையை எலி தின்றது. வேப்பங்கொத்தும் கல்யாண முருங்கையும் பரப்பி அவர் அமைத்த காட்டை ஓர் ஆடு உள்ளே புகுந்து அரைமணி நேரத்தில் மேய்ந்துவிட்டது. காற்றடித்தால் அவருடைய மேகங்கள் சுவரைத் தாண்டி என் மோரில் விழும். ஐப்பசியில் அவர் திரும்ப வேய்ந்த ஓட்டுக்கு நடுவே ஒழுகின தண்ணீருக்கு நாங்கள் ஏழு பாத்திரம் வைத்தோம். எட்டாவது இடத்தில் நான் படுத்திருந்தேன்.

ஆனால் அவர் பிழைப்பில் மண் விழுந்தது இதனாலெல்லாம் இல்லை. வளவனூரிலிருந்து ஒரு குடும்பம், ஆறு வருஷம் கழித்துப் பிறந்த ஆண்பிள்ளைக்குப் படம் எடுக்க வந்தது. மாட்டுவண்டி நிறைய ஜனம். பிள்ளைக்குப் பட்டுச்சட்டை, நெற்றியில் திருஷ்டிப் பொட்டு. கூரைபிரிச்சார் குழந்தையை வாங்கி வானத்தின்மேல் படுக்கவைத்தார். இவர் மேலே ஏறுவதற்குள் பிள்ளை தூங்கிவிட்டது. கூட வந்த அத்தைக்காரி எட்டிப் பார்த்தாள். தரையில் துணி, அதில் கண்மூடிப் படுத்திருக்கிற பிள்ளை, சுற்றிலும் பூ.

எங்கள் பக்கத்தில் படுக்கவைத்துப் படம் எடுப்பது செத்துப்போனவரைத்தான். அத்தைக்காரி மாரில் அடித்துக்கொண்டு எடுத்தாள் ஓர் ஒப்பாரி. வண்டியிலிருந்த பெண்கள் என்ன ஏது என்று கேட்காமல் கூடச் சேர்ந்துகொண்டார்கள். தெருவில் போன யாரோ ஒரு புண்ணியவான் ஓடிப்போய் மாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். அந்தக் களேபரத்தில் விழித்துக்கொண்டு பிள்ளை வீறிட்டபோதுதான் ஜனங்களுக்கு உயிர் வந்தது. மாலையை யார் கழுத்திலும் போட முடியாமல் அவன் வாசலில் நின்றுகொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதோடு போயிற்று. கூரைபிரிச்சார் படுக்கவைத்து எடுத்தால் ஆயுசு குறையும் என்று பேச்சு கிளம்பிவிட்டது. பெற்றவர்கள் பிள்ளைகளை அந்தப் பக்கம் அனுப்பவில்லை. தப்பித்தவறி வந்த நாலைந்து பிள்ளைகளும் வீட்டுக்குத் தெரியாமல் ஓடிவந்ததுகள்.

அப்புறம் அவரைத் தேடி வந்ததெல்லாம் சாவு வீட்டுக்காரர்கள்தான். படுத்திருப்பதை எடுப்பதில் கெட்டிக்காரர் என்று அவர்களுக்கு எண்ணம். இவரோ அங்கே போய் அடம் பிடிப்பார். முகையூர்ப் பக்கம் ஒரு பெரியவர் செத்துப்போனபோது, அங்கே என் தம்பியைப் பார்க்கப் போயிருந்த நானே நேரில் பார்த்தேன்.

"நாற்காலி கொண்டாங்க. உக்கார வைங்க. தல வாரி விடுங்க. எம்மாம் பெரிய மனுசன், கட்டையாட்டமா கிடக்கறது?"

"படுத்த மாதிரியே எடுங்களேன்யா" என்றான் மகன்.

"செத்தவங்கள நான் படுக்க வச்சி எடுக்கமாட்டேன். படுத்துக்கினு எடுக்கறது உசுரோட இருக்கறவங்களுக்கு."

கடைசியில் உட்காரவைத்தே எடுத்தார். மகன் பார்த்துவிட்டு, "எங்கப்பன் இருந்தப்போ ஒருநாளும் இப்பிடி நிமிந்து உக்காந்ததில்ல" என்று தேம்பித் தேம்பி அழுதான். எனக்குச் சிரிப்பு வந்தது; அழுகிறவனைப் பார்த்துத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன். புள்ளைங்களுக்கு ஊர் கட்ட வந்தவர் பிணத்துக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

இனி என் மகளைப் பற்றிச் சொல்லவேண்டும். இதுவரை தள்ளிப்போட்டேன்.

கோமதிக்கு அப்போது எட்டு வயது. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அவள் வலது காலின் பலத்தை எடுத்துக்கொண்டு காலை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தது. முழங்காலில் மடங்கினது மடங்கினபடியே சூம்பிப்போய்விட்டது. நான் சைக்கிளில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இறக்குவேன், சாயங்காலம் தூக்கிக்கொண்டு வருவேன். அப்போதெல்லாம் அவள் வாயாடி. மூன்றாம் வகுப்பில் அவளுக்குத் தெரியாத கதை கிடையாது.

அந்த வருஷம் ஊரில் பொருட்காட்சி போட்டார்கள். ராட்டினம், குடைராட்டினம், மரணக்கிணறு எல்லாம் வந்திருந்தது. கோமதி ஒரு வாரமாகக் கனவு கண்டு, பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு வந்தாள். ராட்டினத்து வரிசையில் அரைமணி நேரம் அவளைத் தோளில் சுமந்தபடி நின்றேன். எங்கள் முறை வந்தபோது ராட்டினக்காரன் அவள் காலைப் பார்த்தான்.

"இதெல்லாம் ஏத்த முடியாதுங்க. காலு ஊன முடியாத கொழந்த, மேல போயி பயந்துக்கினா யாரு எறக்கறது? ஜல்தி தள்ளுங்க, பின்னாடி ஆளு நிக்குது."

நான் கெஞ்சினேன். கெஞ்சியிருக்கக்கூடாது. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பின்னாலிருந்து ஒரு பெண், நல்ல மனசோடுதான், "ஐயோ பாவம், இத எதுக்கு இட்டுக்கினு வந்தாங்க" என்றாள். கோமதி என் தலைமுடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டேன் என்றாள். அதற்கு மறுநாளும். "என்ன யாரும் பாக்க வாணாம்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். மூன்று மாதம். தனம் மிரட்டிப் பார்த்தாள், கொஞ்சிப் பார்த்தாள், மந்திரித்துப் பார்த்தாள். பேரை எடுத்துவிடுவோம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள். எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை உயிரோடு இருந்துகொண்டே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அதனால் பக்கத்துப் போர்ஷன்காரர்மேல் காட்டினேன்.

ஒரு நாள் பகலில், வீட்டுக்குத் தெரியாமல் வந்த பயல் ஒருவனுக்குக் கூரைபிரிச்சார் ஆமைக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஆமை குச்சியைப் பல்லால் கடித்துக்கொண்டது, கொக்கு இரண்டும் தூக்கிக்கொண்டு பறந்தது என்று அளந்துகொண்டிருக்கும்போது, சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"ஆமைக்குப் பல்லே கெடயாது."

தனம் கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டாள். அப்புறம் கூரைபிரிச்சார் மரியாதையாகக் கேட்டார்: "அப்ப எப்பிடி போச்சி பாப்பா?"

"வாயால கவ்விக்கினு போச்சி."

"சரிதான். மாத்திடறேன்."

அன்றிலிருந்து சுவருக்கு மேலாகத் தினமும் பேச்சு. அவர் கதையில் வேண்டுமென்றே தப்பு வைப்பார், இவள் திருத்துவாள். வெளியில் மட்டும் வரமாட்டாள். ஒரு நாள் அவர் தயங்கித் தயங்கி எங்கள் வாசலுக்கு வந்து, "தங்கச்சி, பாப்பாவ ஒரு படம் எடுக்கட்டுமா?" என்றார்.

தனம் சாமி வந்தவள் மாதிரி எழுந்தாள். "எம்பொண்ண படுக்க வச்சியா? அவளுக்கு இன்னும் மூச்சி இருக்குதுய்யா! காலுதான் போச்சி, மிச்சத்தயும் நீ வாரிக்கினு போறியா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

அடுத்த பௌர்ணமிக்குத் தனம் அக்கம்பக்கத்துப் பெண்களோடு திருவக்கரை அம்மனுக்கு வேண்டிக்கொள்ளப் போனாள். போனவள் மறுநாள்தான் வருவாள். நான் கோமதியைத் தூக்கிக்கொண்டு அடுத்த போர்ஷனுக்குப் போனேன். பெண்டாட்டி ஊரில் இல்லாதபோது வீரனாகிற ஜாதி நான்.

கூரைபிரிச்சார் கறுப்புத் துணியில் கோலமாவால் பெரிய ராட்டினம் வரைந்திருந்தார். உச்சித் தொட்டிலில் கோமதி நிற்கவேண்டும். பாவாடைக்குள் மூங்கில் பட்டை வைத்து, துணி சுற்றி, மடங்கின காலை நேராக்கிக் கட்டினார். அவள் வலிக்குது என்று சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. சாயங்காலம் கழுவின படம் அருமையாக வந்தது. அவ்வளவு உயரத்தில், நட்டமாக நின்றுகொண்டு, என் மகள். ஓடிவந்து அவளிடம் நீட்டினேன்.

வெகுநேரம் பார்த்தாள். "யாருப்பா இது?"

"நீதாம்மா."

"எங்காலு இப்பிடி இல்லியே. இது யாரு காலு?"

படத்தைக் குப்புறக் கவிழ்த்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். என் பின்னாலேயே சிரித்த முகமாக வந்த கூரைபிரிச்சார் நிலைப்படியில் நின்றபடியே நின்றார். "தப்பு பண்ணிட்டேன் சார்" என்றார். "அந்த ராட்டினக்காரன் பண்ண அதே தப்பு. நானும் காலத்தான் பாத்தேன்."

மறுநாள் தனம் கையில் அந்தப் படம் சிக்கியது. அம்மன் குங்குமம் நெற்றியில் இருக்க, அவள் அழுத அழுகை! "நான் அங்க மடிப்பிச்ச கேட்டுக்கினு இருக்கேன், இங்க எம்பொண்ண பாடையில கெடத்தற மாதிரி கெடத்தி வேடிக்க பாத்தீங்களா ரெண்டு பேரும்?" பதில் இல்லாத ஆண்பிள்ளை என்ன செய்வான்? பேனாவை எடுத்தேன். வீட்டுக்காரருக்கு நாலு பக்கம் எழுதினேன். கூரையைப் பிரிக்கிறான், மழை ஒழுகுகிறது, சாவு வீட்டுச் சாமானெல்லாம் கொண்டுவருகிறான், இவனைக் காலி பண்ணாவிட்டால் நாங்கள் காலி பண்ணுகிறோம். வீட்டுக்காரர் கொள்முதலுக்காக வெளியூர் போயிருந்தார். கடிதத்தை மண்டியில் கொடுத்துவிட்டு வந்தேன்.

நாலு நாள் கூரை பிரியவில்லை. அந்தப் பக்கம் இருமல் சத்தம்கூட இல்லை. ஐந்தாம் நாள் கோமதியே கூப்பிட்டாள்.

"மாமா, ஏன் பிரிக்கல?"

"மழ வர்ற மாதிரி இருக்குது பாப்பா." வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"வேற படம் எடுக்கலாம். ஆனா எங்காலு எப்பிடி இருக்குதோ அப்பிடியே இருக்கணும்."

"எப்பிடி இருக்கும்?"

"தூங்கறப்போ இருக்கும்ல, அப்பிடி."

தனம் அடுப்பங்கரையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "மூணு மாசத்துல அவ வாயத் தொறந்து ஒண்ணு கேட்டது இதான் மொதல் தடவ. எடுத்துக்குங்க. ஆனா நான் மேல இருந்து பாப்பேன். எம்மனசுக்கு ஒப்பலன்னா உங்க கேமராவ தெருவுல வீசிடுவேன்."

"வீசுங்க தங்கச்சி" என்றது சுவர்.

என்ன கதை என்பதைக் கோமதிதான் முடிவு செய்தாள். ராட்டினம் கம்பத்தை விட்டுக் கழன்று தெருவில் உருண்டு ஓடுகிறது. ராட்டினக்காரன் பயந்துபோய் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான். இவள் துரத்துகிறாள். இதற்காக என் சைக்கிளின் முன்சக்கரம் கழற்றப்பட்டது. என்னை யாரும் கேட்கவில்லை. சக்கரத்தைச் சுற்றித் தீப்பெட்டித் தொட்டில்கள், நடுவில் கந்தல் பொம்மையாக ராட்டினக்காரன். உமியில் ஒரு நீளமான பாதை, ஓரத்தில் இரண்டு பனைமரம். கோமதி ஒருக்களித்துப் படுத்தாள், தினமும் தூங்குகிற மாதிரி. கட்டில்லை, பட்டையில்லை, யாரும் அவள் காலைத் தொடவில்லை.

தனம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். தெருவே வேடிக்கை பார்த்தது. கீழே நின்றிருந்த எனக்குத் தெரிந்ததெல்லாம் தரையில் கிடக்கிற ஒரு நோஞ்சான் குழந்தையும், என் சைக்கிள் சக்கரமும்தான். இன்றைக்குக் கேமரா தெருவுக்குப் போகிறது என்று நிச்சயம் செய்துகொண்டேன்.

மேலே தனம் குனிந்து பார்த்தாள். அவள் பார்த்ததை அப்புறம் நானும் படத்தில் பார்த்தேன். இடது காலை முன்னால் எட்டிப்போட்டிருக்கிறாள். அந்த மடங்கின வலது கால், எட்டு வயசுப் பிள்ளை ஓடும்போது பின்னங்கால் எப்படி மடங்கித் தூக்குமோ, அப்படியே அச்சாக மடங்கியிருக்கிறது. பாவாடை பறக்கிறது. சடை பறக்கிறது. ராட்டினம் முன்னால் தப்பி ஓடுகிறது.

தனம் உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு இன்னும் குனிந்தாள். பிறகு கூரையிலிருந்து தனத்தின் குரல் வெடித்து வந்தது.

"ஓடுடி! எங்கண்ணு, ஓடு! உடாத அவன, ஓடு!"

கோமதி சிரித்தாள். மூன்று மாதம் கழித்து, உடம்பெல்லாம் குலுங்க. கூரைபிரிச்சார் அப்போதுதான் அமுக்கினார். சிரிப்பில் ஆடியதால் படத்தில் காலிரண்டும் கொஞ்சம் கலங்கியிருந்தன. ஓடுகிற காலை எடுத்தால் அப்படித்தான் இருக்கும் என்றார். தனம் ஏணியில் இறங்கத் தெரியாமல் மேலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நானும் அழுதேன். வெட்கமென்ன?

படம் கைக்கு வந்த அன்று கோமதி, "ஸ்கூலுக்குப் போறேன், இத எல்லாருக்கும் காட்டணும்" என்றாள். முன்சக்கரத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நான் செய்த பாவத்தையும் எழுதிவிட வேண்டும். அடுத்த வாரம் வெளியூரிலிருந்து வந்த வீட்டுக்காரர், மண்டி ஆட்கள் நாலு பேரோடு வந்து நின்றார். கையில் என் கடிதம். ராட்டினத்துப் பரபரப்பில் அதைத் திரும்ப வாங்கவேண்டும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நான் குறுக்கே விழுந்து எவ்வளவோ சொன்னேன். "நீங்க எழுதினதுதானே சார்?" என்றார் அவர். கூரைபிரிச்சார் கடிதத்தை வாங்கி நாலு பக்கமும் நிதானமாகப் படித்தார்.

"சாருக்குக் கையெழுத்து முத்து முத்தா இருக்குது" என்றார். அன்றைக்கே வானத்தைச் சுருட்டிக்கொண்டு திண்டிவனம் போய்விட்டார்.

அங்கேயும் அவர் பெயர் அவருக்கு முந்திப் போய்ச் சேர்ந்திருந்தது. பிள்ளைகள் வரவில்லை. பிணங்கள்தான் வந்தன. இதெல்லாம் காதில் விழும்போதெல்லாம் போய்ப் பார்க்கவேண்டும் என்று நினைப்பேன். அரைநாள் ரயில்கூட இல்லை, ஒரு பாசஞ்சர் தூரம். ஆறு வருஷம் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

கண்பார்வை போய்விட்டது, தனியாகக் கிடக்கிறார் என்று கேள்விப்பட்ட பிறகுதான் போனேன். கோமதியையும் அழைத்துக்கொண்டு போனேன். அவளுக்குப் பதினைந்து நடந்துகொண்டிருந்தது. இரண்டு அக்குளிலும் கட்டை வைத்துக்கொண்டு நடக்கப் பழகியிருந்தாள். ஒரு சந்தின் கடைசியில் வீடு. கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார். நான் பெயரைச் சொன்னதும் கையைத் துழாவிப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கடுதாசி..." என்று ஆரம்பித்தேன்.

"எந்தக் கடுதாசி சார்?" என்றார். நிஜமாக மறந்துவிட்டாரா, எனக்காக மறந்தாரா, தெரியவில்லை. "பாப்பா எப்பிடி இருக்குது? வந்திருக்குதா?"

கோமதி வாசலிலேயே நின்றிருந்தாள். அவர் குரலைக் கேட்டதும் பொறுக்காமல் கட்டைகளை ஊன்றி உள்ளே பாய்ந்தாள். சிமெண்டுத் தரையில் டக் டக் டக்கென்று வேகமாக வந்த சத்தத்தின் பக்கம் அவர் முகத்தைத் திருப்பினார். பதறிப்போய் இரண்டு கையையும் நீட்டினார்.

"மெதுவா, மெதுவா! ஓடாத பாப்பா, உயுந்துடப் போற!"

ஊரிலிருக்கிற எல்லாப் பிள்ளைகளும் தினமும் பத்துத் தடவை கேட்டுக் காதில் வாங்காமல் விடுகிற வார்த்தை அது. என் மகளுக்கு அதைச் சொல்ல இந்தப் பூமியில் அவருக்கு மட்டும்தான் தோன்றியது.